எது அசல் புக்கோ?

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஜோசப் பியூகலைசன் கம்பெனி என்று ஒரு நிறுவனம் இருந்தது. மோட்டார்சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு வேண்டிய ஹெல்மெட், பெல்ட், தோல் ஜாக்கெட் எல்லாவற்றையும் ‘புக்கோ’ என்ற பெயரில் விற்றது. அந்த ஜாக்கெட்டுகளில் புகழ்பெற்றது ஜே-24. நிறுவனம் இன்று இல்லை, ஜே-24 இருக்கிறது. ஜப்பானின் ரியல் மெக்காய்ஸ் நிறுவனம் அதைக் குதிரைத் தோலில், பழைய வெட்டு மாறாமல் தைத்து, புக்கோ என்ற பெயரிலேயே விற்கிறது.

டெட்ராய்ட்டில் தைத்த ஒன்றையும் ஜப்பானில் தைத்த ஒன்றையும் மேசைமேல் பக்கம் பக்கமாக விரித்துப் போட்டால் ஒரு கேள்வி எழாமல் போகாது. பழையதில் லைனிங் நைந்து, யாரோ ஒரு தையல்காரர் வேறு துணி போட்டிருக்கலாம். ஜிப் பழுதாகி மாற்றப்பட்டிருக்கலாம். பெல்ட் தொலைந்துபோய் இன்னொரு ஜாக்கெட்டின் பெல்ட் வந்து சேர்ந்திருக்கலாம். புதியதிலோ தோலும் ஜிப்பும் நூலும் 1940களில் இருந்த விதத்திலேயே இருக்கும். அப்படியானால் இரண்டில் எது புக்கோ?

இந்தக் கேள்விக்கு வயது அதிகம். தீசியஸ் என்னும் வீரன் சென்று திரும்பிய முப்பது துடுப்புக் கப்பலை ஏதென்ஸ் நகரத்தார் பல தலைமுறை காத்துவந்தார்கள் என்று எழுதுகிறார் புளூட்டார்க். உளுத்த பலகையை எடுத்துவிட்டுப் புதுப் பலகை வைத்தார்கள். கடைசியில் அது அதே கப்பல்தானா என்று அந்நாளைய சிந்தனையாளர்கள் இரு கட்சியாகப் பிரிந்து வாதிட்டார்கள். தாமஸ் ஹாப்ஸ் 1655-இல் வெளியான தம் நூலில் இந்த முடிச்சை இன்னும் இறுக்கினார். கழற்றிய பழைய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து அதே வரிசையில் மறுபடி பொருத்திவிட்டால் என்ன ஆகும்? ஒரே கப்பல் இரண்டு இடத்தில் நிற்குமா? பௌத்தர்கள் இதை இன்னொரு வழியில் கேட்டார்கள். ‘மிலிந்தனின் கேள்விகள்’ என்ற நூலில் நாகசேனர் என்னும் துறவி, தேரின் சக்கரம் தேரா, அச்சு தேரா, நுகம் தேரா என்று அரசனிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு, உறுப்புகளுக்கு அப்பால் தேர் என்று தனியாக ஒன்றும் இல்லை என்ற இடத்துக்கு அவனைக் கொண்டுபோகிறார்.

லெதர் ஜாக்கெட்டில் இந்தக் கேள்வி பள்ளிப் பாடமாக நின்றுவிடுவதில்லை. பழைய ஜாக்கெட்டைத் தேடி வாங்குகிறவர் தம் பணத்தையும் நம்பிக்கையையும் அதில் வைக்கிறார். தைப்பவர் தம் உழைப்பை வைக்கிறார். ஜிப்பையும் காலரையும் தையலையும் உற்றுப் பார்த்து ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறியும் கலை இதைச் சுற்றித்தான் வளர்ந்திருக்கிறது. அந்தக் கலை எதைத் தேடுகிறது என்பதுதான் இங்கே முக்கியம்.

முதலில் ஜாக்கெட். ஷாட் சகோதரர்கள் 1913-இல் நியூயார்க்கில் தொடங்கிய தையல் நிறுவனம் 1928-இல் மோட்டார்சைக்கிள் ஓட்டிகளுக்காக ஒரு ஜாக்கெட்டை வெளியிட்டது. லாங் ஐலண்டில் ஹார்லி டேவிட்சன் விற்றுவந்த கடை ஒன்று அதை 5.50 டாலருக்கு விற்றது. இர்விங் ஷாட் தமக்குப் பிடித்த சுருட்டின் பெயரை அதற்கு வைத்தார்: பெர்ஃபெக்டோ. இதுதான் அந்த நிறுவனம் சொல்லிவரும் வரலாறு.

இந்த வகை ஜாக்கெட்டில் அலங்காரம்போலத் தெரியும் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. ஜிப் மார்பின் நடுவே நேராக இறங்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும். வண்டியில் முன்னால் குனிந்து உட்காரும்போது உலோகப் பல் தொண்டையில் குத்தாது. ஒரு பக்கத் தோல் மறுபக்கத் தோலின்மேல் படிவதால் எதிர்க்காற்று உள்ளே புகாது. காலரின் மடிப்பு முனைகளைப் பிரஸ் பட்டன் பிடித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் வேகத்தில் அவை முகத்தில் அடிக்கும். மணிக்கட்டில் ஜிப் வைத்திருப்பது, கைநுனியை இறுக்கி அதன்மேல் கையுறை போடுவதற்காக. முதுகில் தோள்களை ஒட்டி இரு செங்குத்து மடிப்புகள் இருக்கும். ஹேண்டில்பாரை எட்டிப் பிடிக்கும்போது அவை விரியும், கையை இறக்கினால் மூடிக்கொள்ளும். தோள்பட்டி மட்டும் ராணுவ உடையின் மிச்சம்.

வேறுபாடுகள் இங்கிருந்துதான் கிளைக்கின்றன. 1940களின் சில தைப்புகளில் முன்பக்கக் கீழ்ப்பை ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவில் மேலொட்டாகத் தைக்கப்பட்டு, அதற்குள்ளேயே சில்லறை போட மூடியுள்ள ஒரு குட்டிப் பை இருக்கும். பின்வந்த ரகங்களில் அந்த ‘டி’ போய், தோலைக் கீறி உள்ளே பொருத்திய சாய்ந்த ஜிப் பைகள் வந்தன. குட்டிப் பை மட்டும் தங்கிவிட்டது. ஷாட்டின் 613-இல் தோள்பட்டிக்கு ஒன்றாக உலோக நட்சத்திரம் இருக்கும், 618-இல் இருக்காது. புக்கோவின் ஜே-100 முற்றிலும் வேறு சாயல்: மடிகாலர் கிடையாது, கழுத்தைச் சுற்றி ஒரு பட்டை மட்டும், நேர் ஜிப், இடுப்போடு நின்றுவிடும் வெட்டு. பந்தய ஓட்டிகளுக்கு அதுதான் உகந்தது.

இவற்றுக்கெல்லாம் பொதுவான ஓர் உறுப்பு உண்டா என்று தேடிப் பார்த்தால் கிடைக்காது. பெல்ட் இல்லாதவை உண்டு, தோள்பட்டி இல்லாதவை உண்டு, சாய்வு ஜிப் இல்லாதவை உண்டு. ஆனாலும் தெருவில் ஒருவர் அணிந்து போனால் இது மோட்டார்சைக்கிள் ஜாக்கெட் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மூக்கும், மற்றொருவருக்கு நடையும், இன்னொருவருக்குக் கண்ணும் ஒத்துப்போவதுபோலத்தான் ஒரே பெயரால் அழைக்கப்படும் பொருள்களும் ஒத்துப்போகின்றன என்று தத்துவ அறிஞர் விட்கென்ஸ்டைன் காட்டினார். இதைச் சொல்லும் அவரது நூல் அவர் இறந்தபின் அச்சில் வந்தது 1953-இல். மார்லன் பிராண்டோ தோல் ஜாக்கெட்டோடு டிரையம்ப் வண்டியில் ஏறி வந்த ‘தி வைல்ட் ஒன்’ படம் வெளியானதும் அதே ஆண்டில். பிராண்டோ அணிந்திருந்தது எந்த நிறுவனத்தின் தைப்பு என்று சேகரிப்பாளர்கள் இன்றும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். உலகமே பார்த்த ஒரு ஜாக்கெட்டுக்கே இந்த நிலை.

வாதம் ஏன் தீரவில்லை என்று யோசித்தால் அறிவைப் பற்றிய பழைய பாகுபாடு ஒன்று துணைக்கு வருகிறது. தமிழில் தருக்க நூலார் காட்சி, கருதல், உரை என்று அளவைகளைப் பிரித்தார்கள். கண்ணாலும் கையாலும் நேரே அறிவது காட்சி. ஒன்றைக் கண்டு காணாத மற்றொன்றை ஊகிப்பது கருதல். நம்பத்தக்கவர் சொல்லக் கேட்டு அறிவது உரை. ஒரு ஜாக்கெட்டைச் சோதிப்பவரும் இந்த மூன்றைக் கொண்டுதான் வேலை செய்கிறார்.

காட்சியில் முதலில் வருவது தோல். குதிரைத் தோல் அடர்த்தியானது. மேற்பரப்பு வழவழப்பாக, மயிர்க்கால் தடம் மிக நுண்ணியதாக இருக்கும். மாட்டுத் தோலில் அந்தத் தடம் சிறு கூழாங்கல் பரப்பியதுபோல் தெளிவாகத் தெரியும். 1910களில் அமெரிக்காவில் 2 கோடிக்கும் மேற்பட்ட குதிரைகள் இருந்தன. டிராக்டரும் லாரியும் காரும் வர வர அவை குறைந்தன, அவற்றின் தோலும் அரிதாயிற்று. ஜாக்கெட்டுகள் மாட்டுத் தோலுக்கு மாறின. மோட்டார் வாகனத்தில் ஏறியவர்களுக்காகப் பிறந்த உடைக்குத் தோல் தந்த விலங்கை அதே மோட்டார் வாகனம்தான் வயலிலிருந்தும் தெருவிலிருந்தும் அகற்றியது.

கருதலுக்குச் சிறந்த களம் ஜிப். கிடியோன் சுண்ட்பேக் செம்மைப்படுத்திய ஜிப்பைப் பென்சில்வேனியாவின் மீட்வில் ஊரில் செய்துவந்த நிறுவனம் 1937-இல் தன் பெயரையே டாலன் என்று மாற்றிக்கொண்டது. அந்தக் காலத்து ஜாக்கெட்டில் ஜிப்பின் இழுப்பான், நுனியிலுள்ள உலோகத் தாழ்ப்பு, பல்லின் வடிவம் ஆகியவற்றைக் கொண்டு ஏறத்தாழ எந்தக் காலத்தது என்று சொல்லிவிடுகிறார்கள். லேபிளில் ஆர்.என். என்ற பதிவெண் இருந்தால் அது 1930களில் தைத்ததாக இருக்கவே முடியாது. அமெரிக்க அரசு அந்த எண்களைக் கொடுக்கத் தொடங்கியது 1950களில்.

ஆனால் இந்த இரண்டு சான்றுகளும் ஒரே எடை கொண்டவை அல்ல. இதைப் புரிந்துகொள்ள மணிமேகலையின் 29-ஆம் காதையைவிட நல்ல வழிகாட்டி கிடைப்பது கடினம். காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் சொல்லிக்கொடுக்கும் இடம் அது. காப்பியத்தின் சுவைக்கு அது தடை என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. உண்மையில் தமிழில் உள்ள மிகக் கறாரான பக்கங்களில் அவையும் சேரும். ஓர் ஏது, அதாவது காரணம், எதை நிறுவ வருகிறதோ, அது உள்ள இடத்தில் ஏதுவும் இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில், அதாவது விபக்கத்தில், ஏது தலைகாட்டவே கூடாது. இரண்டு இடத்திலும் இருந்தால் அது ஏதுப்போலி.

டாலன் ஜிப்பை இந்த உரைகல்லில் தேய்த்துப் பார்க்கலாம். பழைய ஜாக்கெட்டில் டாலன் ஜிப் இருக்கிறது. ஆனால் விற்காமல் கிடங்கில் தங்கிவிட்ட பழைய டாலன் ஜிப்புகளைத் தேடி வாங்கிப் புதிய ஜாக்கெட்டுகளில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். விபக்கத்திலும் ஏது வந்துவிட்டது. ஆகவே டாலன் ஜிப் இருப்பதாலேயே ஜாக்கெட் பழையது என்று முடிவு கட்ட முடியாது. ஆர்.என். எண் அப்படியல்ல. அது 1930களை அடியோடு விலக்கிவிடுகிறது. ஒரு பொருளின் உறுப்புகள் “இது அதுவன்று” என்று உறுதியாகச் சொல்லவல்லவை. “இது அதுவே” என்று சொல்லும் வலிமை அவற்றுக்கு இல்லை. நிபுணர்கள் எவ்வளவு கூர்மையாகப் பார்த்தாலும் இந்த எல்லையைத் தாண்ட முடியாது.

தேய்மானமும் இப்படித்தான். பல ஆண்டுகள் ஓட்டியவரின் ஜாக்கெட்டில் தேய்வு ஒரே சீராக இருக்காது. கை நுழைந்து நுழைந்து பையின் வாய் விளிம்பு வெளுத்திருக்கும். பெட்ரோல் டேங்கில் உரசிய முன்பக்கக் கீழ் விளிம்பு வெளுத்திருக்கும். காலர் கழுத்தைத் தொடும் இடம் வியர்வையால் கருத்து இறுகியிருக்கும். முழங்கை உட்புறத்தில் மடிப்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்திருக்கும். மடிப்பின் முகட்டில் கறுப்புச் சாயம் தேய்ந்து அடியிலுள்ள பழுப்பு எட்டிப் பார்க்கும். மடிப்பின் பள்ளத்தில் கறுப்பு அப்படியே இருக்கும். உப்புத்தாளால் தேய்த்துப் பழமை ஏற்றப்பட்ட ஜாக்கெட்டில் அக்குளின் கீழும் வெளுத்திருக்கும், அங்கே எதுவும் அவ்வளவாக உரசாது என்பதை மறந்துவிட்டதால். நல்ல கண்ணுக்கு இது பிடிபடும். நாளை இன்னும் கவனமான ஒருவர் அக்குளை விட்டுவிட்டுத் தேய்த்தால் பிடிபடாமலும் போகலாம்.

மிஞ்சுவது உரை. பொருளால் சொல்ல முடியாததை மனிதர்தான் சொல்ல வேண்டும்.

கத்தோலிக்கத் திருச்சபை இதைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டது. புனிதரின் எலும்பு முதல் வகைத் திருப்பண்டம், அவர் அணிந்தது இரண்டாம் வகை, அவற்றைத் தொட்ட துணி மூன்றாம் வகை என்று பிரிக்கும் வழக்கம் அங்கே இருந்தது. திருத்தூதர் பணிகள் நூலில் பவுலின் உடலைத் தொட்ட கைக்குட்டைகளை நோயாளிகளிடம் கொண்டுபோன செய்தி வருகிறது. இடைக்கால ஐரோப்பாவில் திருப்பண்ட வணிகம் பெருகி, போலிகள் மலிந்தன. 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், பழைய திருப்பண்டங்களைப் பேழைக்கு வெளியே எடுத்துக் காட்டவும் விற்கவும் கூடாது என்றது. புதிதாக ஒன்று கிடைத்தால் திருத்தந்தையின் ஒப்புதல் இல்லாமல் வணங்கக்கூடாது என்றது. எலும்பு எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும் அது யாருடையது என்று எலும்பே சொல்லாது என்பது அந்தச் சங்கத்துக்குத் தெரிந்திருந்தது. திருப்பண்டத்தோடு சான்றிதழ் வைக்கும் முறையும் அதே தெளிவின் வெளிப்பாடுதான்.

பிரபலம் ஒருவர் அணிந்த ஜாக்கெட்டை ஏலத்தில் எடுப்பவர் தேடுவது இரண்டாம் வகைத் திருப்பண்டத்தை. பழைய ஜாக்கெட் ஒன்றைத் தையல் தையலாகப் பிரித்து, துண்டுகளைக் காகிதத்தில் வரைந்து, அந்த அளவில் புதிதாகத் தைத்ததை வாங்குபவர் ஒரு விதத்தில் மூன்றாம் வகையைப் பெறுகிறார். அசலைத் தொட்ட அளவு அதில் இருக்கிறது. இந்த ஆசையை எள்ளி நகையாட வேண்டியதில்லை. மனிதர்கள் தாம் மதிப்பவற்றோடு தொடர்பு வேண்டுகிறார்கள். அந்தத் தொடர்பு மெய்யானதா என்று கேட்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு.

அப்படியானால் படி எடுத்தது எப்போதும் ஒரு படி தாழ்ந்ததுதானா? ஜப்பானியர் அப்படி நினைக்கவில்லை, அதற்கு அவர்கள் மண்ணிலேயே காரணம் இருக்கிறது. ஈசே என்னும் இடத்திலுள்ள ஷிண்டோ ஆலயத்தை 20 ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் முழுவதும் புதிதாகக் கட்டித் தெய்வத்தை அங்கே எழுந்தருளச் செய்கிறார்கள். 690-இல் தொடங்கிய மரபு. இடையில் போர்க்காலங்களில் தடைபட்டும் தொடர்ந்து, 2013-இல் 62-ஆம் முறையாகக் கட்டி முடித்தார்கள். பழைய மரம் வேறு ஆலயங்களுக்குப் போய்விடுகிறது. இன்று அங்கே நிற்கும் கட்டடத்தில் பழைய மரம் ஒன்றும் இல்லை, ஆனால் மரத்தை வெட்டி இழைத்துப் பூட்டும் அறிவு கைமாறி வந்திருக்கிறது. ஹாப்ஸ் இதைப் பார்த்திருந்தால் தம் கேள்வியையே வேறு விதமாக எழுதியிருப்பார். பண்பாட்டுச் சின்னங்களின் உண்மைத்தன்மை எல்லா மரபுகளுக்கும் ஒரே அளவுகோலால் அளக்கத்தக்கதல்ல, மூலப்பொருளோடு மரபும் நுட்பமும் பயன்பாடும் கணக்கில் வர வேண்டும் என்று 1994-இல் நாராவில் கூடிய நிபுணர்கள் ஓர் ஆவணத்தில் ஏற்றுக்கொண்டதும் ஜப்பானில்தான்.

அமெரிக்கர்களே கைவிட்டுவிட்ட தையல் முறைகளையும் நெசவு முறைகளையும் ஜப்பானியர் தேடிக் கற்றுக் காத்த கதை டேவிட் மார்க்ஸின் ‘அமெடோரா’ நூலில் விரிவாக இருக்கிறது. ஆனால் ஈசே உவமை ஜாக்கெட்டுக்கு முழுதாகப் பொருந்திவிடாது. ஈசேயில் ஒரு தலைமுறைத் தச்சர் அடுத்த தலைமுறைக்குக் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தார். டெட்ராய்ட்டில் தைத்தவர்களுக்கும் ஜப்பானில் தைப்பவர்களுக்கும் இடையே அந்தக் கைத்தொடர்பு கிடையாது. எஞ்சிய ஜாக்கெட்டுகளைப் பார்த்துத்தான் பின்வந்தவர்கள் கற்றார்கள். ஆசான் இல்லாமல் ஏட்டைப் பார்த்து ஓதியவர்கள் அவர்கள். ஓதியது பிழையற்றதாகவே இருக்கலாம், மரபு மட்டும் இடையில் அறுந்திருக்கிறது. இதை மறைக்காமல் சொல்வதில் அவர்களுக்கு எந்த இழுக்கும் இல்லை.

லண்டனில் நடந்தது இன்னும் சுவாரசியமானது. 1892-இல் தொடங்கிய லூயிஸ் லெதர்ஸ் 1956-இல் அமெரிக்கச் சாயலில் ஒரு ஜாக்கெட்டை வெளியிட்டு, நியூயார்க்கின் ஒரு பகுதியான பிராங்க்ஸின் பெயரை அதற்கு வைத்தது. ‘தி வைல்ட் ஒன்’ படத்துக்கு அப்போது பிரிட்டனில் தணிக்கைச் சான்றே இல்லை. 1954-இல் மறுக்கப்பட்ட சான்று 1967-இல்தான் கிடைத்தது. படம் பார்க்காத பிள்ளைகள் படத்தின் சாயலை அணிந்துகொண்டு ஏஸ் கஃபே என்ற உணவகத்தின் வாசலில் கூடினார்கள். ராக்கர்கள் என்று பத்திரிகைகள் அவர்களைப் பயத்தோடு எழுதின. ஹாக்னி விக் பகுதியில் ஆங்கிலிக்கத் திருச்சபை நடத்திய ‘59 கிளப்’ என்ற இளைஞர் மன்றத்தில் இருந்த பில் ஷெர்கோல்ட் என்ற பாதிரியார் பயப்படவில்லை. 1962-இல் அவரே ஏஸ் கஃபேக்குப் போய், வண்டியோடு வழிபாட்டுக்கு வாருங்கள் என்று அழைத்தார். வந்தார்கள். அந்த மன்றத்தின் பேட்ஜைத் தோல் ஜாக்கெட்டில் குத்திக்கொள்வது பெருமையாயிற்று.

பிராங்க்ஸ் ஜாக்கெட் அமெரிக்கச் சாயலைப் பார்த்துத் தைத்தது. ஆனால் அதற்கு இப்போது தனக்கென்று ஒரு தெரு, ஒரு தலைமுறை, ஒரு தேவாலயம்கூட இருக்கிறது. இன்று பிற நிறுவனங்கள் பிராங்க்ஸையும் அதன் பின்வந்த லைட்னிங்கையும் பார்த்துப் படியெடுக்கின்றன. படியாகப் பிறந்தது அசலாகிவிட்டது. தோலோ ஜிப்போ மாறியதால் அப்படி ஆகவில்லை. அதை அணிந்து மனிதர்கள் வாழ்ந்தார்கள், அந்த வாழ்க்கை அதற்கு வரலாறாக அமைந்தது.

ஒரு பொருள் இன்னது என்பதை நிறுவுவது அது வந்த வழி. எங்கே, எப்போது, யார் கையால் பிறந்தது, பிறகு யார் தோளில் இருந்தது என்னும் வரலாறுதான் அதன் அடையாளம். ஜிப்பும் பையும் தையலும் அந்த வரலாற்றுக்குச் சாட்சிகள். அவையே வரலாறு ஆகிவிடாது. டெட்ராய்ட் ஜாக்கெட்டில் எல்லா ஜிப்பையும் மாற்றினாலும் அது டெட்ராய்ட் புக்கோதான். ஜப்பான் ஜாக்கெட்டில் எல்லாம் அச்சு அசலாக இருந்தாலும் அது ஜப்பானில் பிறந்த புக்கோ. நாகசேனரின் தேரைப் பிரித்துப் போட்டால் தேர் இல்லைதான், ஆனால் அந்தத் தேர் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போனது என்பதை யாராலும் பிரித்துப் போட முடியாது.

வரலாறு கண்ணுக்குத் தெரியாததே, அணிபவருக்கு அதனால் என்ன என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். தத்துவ அறிஞர் நெல்சன் குட்மன் 1968-இல் ஓவியங்களைப் பற்றி இதற்கு ஒரு விடை சொன்னார். இரண்டு படங்களுக்கும் வேறுபாடு இன்று தெரியாவிட்டாலும், ஒன்று அசல், மற்றது படி என்று அறிந்திருப்பதே ஒருவர் பார்க்கும் முறையை மாற்றுகிறது. நாளை வேறுபாட்டைக் காணக் கண்ணைப் பழக்குகிறது. தோலில் இது இன்னும் பொருந்தும். ஹெரன்ஹௌசன் தோட்டத்தில் ஒன்றுபோல் இரண்டு இலைகளைத் தேடி அலைந்து தோற்ற கனவான் ஒருவரைப் பற்றி லைப்னிட்ஸ் எழுதியிருக்கிறார். இரண்டு தோலும் அப்படி ஒன்றுபோல் இருக்காது. முள்வேலி கீறிய வடு, பூச்சி கடித்த தடம், விலாவின் சுருக்கம் எல்லாம் பதனிட்ட பிறகும் தங்கும். அவை ஓர் உயிர் வாழ்ந்ததன் அடையாளங்கள். அந்த உயிரைக் கொன்றுதான் ஜாக்கெட் வந்தது என்பதும் அதன் வரலாற்றில் ஒரு பகுதி. புதிதாக ஒன்றைத் தைக்கச் சொல்வதா, ஏற்கெனவே இருக்கும் பழையதைச் செப்பனிட்டு அணிவதா என்று முடிவெடுப்பவர் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தோலைத் தொடவே மாட்டேன் என்பவரின் நிலைப்பாட்டுக்கும் இங்கே முழு மரியாதை உண்டு.

இதிலிருந்து வரும் தீர்ப்பு தெளிவானது. படியெடுப்பது குற்றமில்லை. ஷாட்டைப் பார்த்துப் பிறர் தைத்தார்கள், அமெரிக்கரைப் பார்த்து லண்டன் தைத்தது, இவர்களைப் பார்த்து ஜப்பான் தைக்கிறது. உப்புத்தாளால் தேய்த்துவிட்டு 1948 என்று விற்பதுதான் குற்றம், ஏனென்றால் அது வாழாத வாழ்க்கையை வாழ்ந்ததாகச் சொல்கிறது. முன்னது ஆசானைத் தொழுவது. பின்னது ஆசானின் பெயரில் பொய்க் கையெழுத்துப் போடுவது.

உரை என்னும் அளவை இவ்வளவு முக்கியம் என்றால் அதில் ஒரு குறையும் இருக்கிறது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தொழிற்சாலைகளில் பதனிட்ட தோலும், சென்னையில் தைத்த தோல் ஆடைகளும் ஐரோப்பியக் கடைகளுக்கு ஆண்டாண்டாகப் போய்க்கொண்டிருக்கின்றன. காலருக்குப் பின்னால் இருப்பது வேறு நாட்டு நிறுவனத்தின் பெயர். தைத்தவரின் பெயர் எங்கும் இல்லை. டெட்ராய்ட் ஜாக்கெட்டில் டாலன் ஜிப்பின் ஆண்டைக் கண்டுபிடிக்கத் தெரிந்த உலகத்துக்கு, அந்த ஜிப்பை வைத்துத் தைத்த பெண் யார், ஆண் யார் என்று தெரியாது. அசல் அசல் என்று தேடும்போது முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

ஆகவே பழைய பாணி ஜாக்கெட் ஒன்றை வாங்கப் போகிறவர்கள் ஜிப்பையும் பையையும் முழங்கை மடிப்பையும் பொறுமையாகப் பாருங்கள். பார்த்தபின் விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த ஆண்டில் தைத்தது, எங்கே தைத்தது, எதையெல்லாம் மாற்றியிருக்கிறார்கள். நேராகப் பதில் சொல்பவரிடம் வாங்குங்கள். அவர் காட்டுவது நேற்றுத் தைத்த ஜாக்கெட்டாக இருந்தாலும் சரி.